தங்கையைக் கூப்பிடவும்

பிப்ரவரி 2

வாலுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. கேட்டதாக நீயாக எடுத்துக்கொள்ளாதே.

உன்னோடு இனிப் பேசமாட்டேன் என்றுதான் எட்டு மாதத்துக்கு முன்னால் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று உன் புது ஆபீசில் பீற்றிக்கொள்ள வேண்டாம்.

விஷயம் இதுதான். நேற்றுக் காலையிலிருந்து நீ எழுதிவைத்துவிட்டுப் போன புரோகிராம் திறக்க மாட்டேன் என்கிறது. முன்மேசைக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தால் ஒரு வட்டம் சுற்றுகிறது. நான் முப்பது எண்ணும்வரை சுற்றுகிறது. பிறகு ஒரு சிவப்புப் பெட்டி வருகிறது: "டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை. தங்கையைக் கூப்பிடவும்."

இந்த வாசகத்தை எழுதிய மகராசி யார் என்று நான் கேட்கத் தேவையில்லை. மூன்று வாடிக்கையாளர்கள் நிற்கும்போது அது வந்தது. நம் தையல்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி வாசித்தார். "அதான் சொல்லுதேம்மா, கூப்பிட்டுட வேண்டியதுதானே?" என்றார். "மெஷின் சொல்றதையெல்லாம் நான் கேக்க முடியாது" என்றேன். இப்போதும் சொல்கிறேன், நான் உன்னைக் கூப்பிடவில்லை. இது புகார்க் கடிதம்.

கடையில் நாலாயிரத்து இருநூறு நாடக உடைகள் தொங்குகின்றன. எல்லாம் ஒரே மாதிரி சாம்பல் நிறப் பைக்குள். ராஜாவை ராஜாவோடும் புலியைப் புலியோடும் மாட்டலாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "எந்தக் கொக்கி காலியோ அதுல மாட்டுக்கா, எது எங்கன்னு கம்ப்யூட்டர் சொல்லும்" என்றாய். இப்போது கம்ப்யூட்டர் வாயைத் திறக்கவில்லை. எந்தப் பைக்குள் எது இருக்கிறது என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இருபத்து நான்காம் தேதி பள்ளி நாடகம். அறுபத்து நான்கு உடை வேண்டும். எந்தப் பள்ளி என்று உனக்குத் தெரியும். தலைமையாசிரியை யார் என்றும் தெரியும். ஆம், மீசைத் திருடியேதான். பதினொரு வயதில் நான் ராஜா வேஷம் கட்டிய அன்று, மேடையேறப் பத்து நிமிடம் இருக்கும்போது என் மீசை காணாமல் போனதே, அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். மொட்டை முகத்தோடு போய் நின்றேன். அரங்கமே சிரித்தது. உனக்கு அப்போது ஆறு வயது, ஞாபகம் இருக்காது. அவள் முன்னால் நான் இன்னொரு முறை வெறும் கையோடு நிற்க மாட்டேன். ஆகவே சரிசெய்.

அக்கா

*

பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

உறை மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஆபீஸில் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரி, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள். "எங்க அக்கா என்னைத் திட்டி எழுதியிருக்கா!" என்றேன். இதற்கு ஏன் ஒருத்தி இப்படிப் பல்லைக் காட்டுகிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை.

இங்கே என் வேலையே இதுதான். நாள் முழுக்க யார் யாருக்கோ "இணைக்க முடியவில்லை" என்று வருகிறது, நான் தீர்த்துவைக்கிறேன். கடைக்கு இன்டர்நெட் வேண்டாம் என்று நீ ஒற்றைக்காலில் நிற்காவிட்டால் இங்கிருந்தே உள்ளே புகுந்து பார்த்திருப்பேன். போகட்டும். உன் கண்ணும் கையும் எனக்குப் போதும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். முன்மேசைக் கம்ப்யூட்டருக்குச் சுயமாக ஒன்றும் தெரியாது. பதிவேடு முழுவதும் உள்ளறைக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. நீ கல்லாவில் நின்றுகொண்டு உள்ளே இருக்கும் தையல்காரரிடம் குரல் கொடுப்பாயே, அதேபோல முன்மேசை குரல் கொடுக்கும், உள்ளறை பதில் சொல்லும். பதில் வரவில்லை என்றால் அவர் உள்ளே இல்லை, அல்லது கதவு சாத்தியிருக்கிறது, அல்லது நீ கூப்பிட்டது அவருக்கு உறைக்கவில்லை. இதில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் என் வித்தை.

உள்ளறைக் கம்ப்யூட்டர் ஓடுகிறதா பார். அதன் முதுகில் செருகியிருக்கும் நீல வயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்குகிறதா பார். பிறகு அதன் திரையில் சர்வீஸ் பட்டியலைத் திற. நான் சுவரில் ஒட்டிவைத்த காகிதத்தில் வழி இருக்கும், நீ கிழித்திருக்காவிட்டால். அதில் டேட்டாபேஸ் என்று தொடங்கும் வரிக்கு நேரே 'ஓடுகிறது' என்று இருக்க வேண்டும். அப்புறம் அந்தச் சிவப்புப் பெட்டிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து இருக்குமே, அதை அப்படியே எழுதி அனுப்பு. எல்லோரும் அதை விட்டுவிடுவார்கள். நோய் அங்கேதான் எழுதியிருக்கும்.

கடைசியாக ஒரு கேள்வி. யாராவது எதையாவது மாற்றினீர்களா? இதைக் கேட்டால் உலகம் முழுக்க ஒரே பதில்தான் வருகிறது: "நான் எதையும் தொடவில்லை." நீயாவது வேறு பதில் சொல்.

வாலு

*

பிப்ரவரி 5

வாலுக்கு,

நான் எதையும் தொடவில்லை.

காகிதம் கிழியவில்லை. கம்ப்யூட்டர் ஓடுகிறது. பச்சை விளக்கு மினுக்குகிறது. நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். தையல்காரர் வந்து, "அது எங்கியும் ஓடிப்போயிடாதும்மா" என்றார். சர்வீஸ் பட்டியலில் 'ஓடுகிறது' என்றுதான் இருக்கிறது. பொடி எழுத்தைப் படிக்க அவருடைய கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டேன். "குறிப்பிட்ட பெயருள்ள சர்வரைக் கண்டறிய முடியவில்லை" என்பதுதான் அதன் சாரம். ஆங்கிலத்தை அப்படியே தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

முப்பத்தொன்றாம் தேதி பிரிண்டர்காரர் வந்தார். புதுப் பிரிண்டரை மாட்டினார், காபி குடித்தார், போனார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நேற்றும் இன்றும் நூற்று நாற்பது பைகளைத் திறந்துவிட்டோம். அறுபத்து நான்கில் ஒன்பதுதான் தேறியது. மற்றபடி ஒரு நண்டு, ஏழு தபால்காரர்கள், பாதி டிராகன், அப்புறம் ஒரு பல்துலக்கி அகப்பட்டன. பல்துலக்கி யாருக்காகத் தைத்தோம்? தையல்காரர் நண்டை மாட்டிப் பார்த்தார், கழற்றத் தெரியவில்லை. சாயங்காலம்வரை நண்டாகவே பொத்தான் தைத்தார். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன்.

நேற்று அவள் வந்தாள். "உடையெல்லாம் ரெடியாங்க?" என்று கேட்டாள். "எல்லாம் ரெடிங்க" என்றேன். பொய் சொல்லவைத்துவிட்டாய்.

அக்கா

*

பிப்ரவரி 7

அன்புள்ள அக்கா,

பல்துலக்கி நான் தைக்கச் சொன்னது. பல் மருத்துவர் ஒருவர் கேட்டார், பிறகு வரவேயில்லை. உனக்குத் தெரியாமல் மாட்டிவைத்தேன். ஒரு குற்றம் ஒப்புக்கொண்டாயிற்று.

நீ அனுப்பிய பொடி எழுத்து தங்கம். கம்ப்யூட்டர் ஓடுகிறது, வயர் நன்றாக இருக்கிறது, சர்வீஸும் ஓடுகிறது. ஆனால் முன்மேசை கூப்பிட்டும் உள்ளறை திரும்பிப் பார்க்கவில்லை. இப்படிச் செய். முன்மேசையில் கறுப்பு ஜன்னலைத் திற. அதே காகிதத்தின் பின்பக்கம் வழி இருக்கிறது. அதில் பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, 192.168.1.20 என்று அடி. அது உள்ளறைக் கம்ப்யூட்டரின் எண். நான்கு வரி பதில் வந்தால் பாதை சுத்தம் என்று அர்த்தம்.

அப்புறம் எண்ணுக்குப் பதிலாகப் பெயரை அடித்துப் பார். பதில் வந்தால் ஒரு கதை, வராவிட்டால் வேறு கதை.

பெயர் என்ன என்று கேட்பாய். கேட்காமல் விட மாட்டாய். அக்கா, முதலில் உட்கார். தண்ணீர் குடி. அந்தக் கம்ப்யூட்டரை முதன்முதலில் மாட்டியபோது அதற்கு ஏதாவது ஒரு பெயர் வைத்தாக வேண்டும் என்று கேட்டது. அன்று பூராவும் அது ஒரு தினுசாக இருந்தது. காலையில் எழுப்பினால் பத்து நிமிடம் உறுமும், யாருக்கும் பதில் சொல்லாது, அப்புறம் சூடேறினால் பத்துப் பேர் வேலையைத் தனியாகச் செய்யும். எனக்கு உலகத்தில் அப்படி ஒருவரைத்தான் தெரியும். சிடுமூஞ்சி என்று வைத்துவிட்டேன். எப்படி அடிப்பது என்று ஒரு சீட்டில் எழுதி இணைத்திருக்கிறேன். பாசத்தில் வைத்த பெயர் அக்கா. நிஜமாகவே பாசத்தில்.

இரண்டாவது குற்றமும் ஆயிற்று.

வாலு

*

பிப்ரவரி 8

வாலுக்கு,

எண்ணை அடித்தேன். நான்கு வரி பதில் டக் டக்கென்று வந்தது. எனக்கே ஒரு சந்தோஷம். இன்னொரு தடவையும் அடித்தேன். பெயரை அடித்தேன். அப்படி ஒருவரைத் தெரியாது என்கிறது.

தெரியாதுதான். ஏனென்றால் அந்தப் பெயரில் இப்போது ஒருவரும் இல்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காமல் படி. முப்பத்தொன்றாம் தேதி பிரிண்டர்காரர் பிரிண்டரை மாட்டும்போது திரையில் கம்ப்யூட்டர்களின் பட்டியல் வந்தது. அவர் மெல்ல எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இது யாருங்கம்மா, சிடுமூஞ்சி?" என்றார். கல்லாவில் நாலு பேர். தையல்காரர் ஊசியைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. என் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போன அன்றைக்கு வந்த கோபமெல்லாம் திரும்ப வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை சேர வேண்டும் என்று நடுக் கடையில் சொன்னாயே, அந்தக் கோபம். கூடவே இருந்த வருஷமெல்லாம் முதுகுக்குப் பின்னால் இப்படித்தான் கூப்பிட்டாயா என்று தோன்றியது.

"பேரை மாத்த முடியுமா?" என்று கேட்டேன். "ரொம்ப ஈஸிங்கம்மா" என்று காட்டிக்கொடுத்தார். நானே என் கையால் மாற்றினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னது, போட்டேன். மறுநாள் காலையிலிருந்து சிவப்புப் பெட்டி.

இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு நிஜமாகவே தோன்றவில்லை. அப்புறம், நீ நாலாம் தேதி எழுதியதைப் படித்தபோது கொஞ்சம் தோன்றியது. உன்னிடம் ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை.

புதுப் பெயர் முதலாளி.

அக்கா

*

பிப்ரவரி 10

முதலாளி அம்மாவுக்கு,

சிரிக்காமல் படி என்று எழுதியிருந்தாய். படித்தேன். மூன்றாவது பத்தியில் மேஜைக்கு அடியில் போய்விட்டேன். பக்கத்து நாற்காலிக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது எங்கள் தளத்தில் பாதிப் பேர் தங்கள் கம்ப்யூட்டருக்கு முதலாளி என்று பெயர் மாற்றத் துடிக்கிறார்கள்.

அக்கா, கோளாறு உன் கோளாறு இல்லை. பெயரை நம்பிப் பாதை போட்டது என் தப்பு. முன்மேசை பாவம், பத்து நாளாக "சிடுமூஞ்சி, சிடுமூஞ்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. உள்ளே முதலாளி கம்பீரமாக உட்கார்ந்து, யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருக்கிறார்.

முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டேனா என்று கேட்டாய். இல்லை. ஒருதரம்கூட இல்லை. அந்தப் பெயர் எனக்கும் அந்தப் பெட்டிக்கும் மட்டும் தெரிந்த பெயர். ஆனால் வேலை விஷயத்தை உன்னிடம் முதலில் சொல்லாமல் கையெழுத்துப் போட்டது தப்பு. சொன்னால் போகாதே என்பாய், நீ சொன்னால் நான் போயிருக்க மாட்டேன். அதனால்தான் சொல்லவில்லை. இதை நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் எட்டு மாதம் ஓட்டிவிட்டேன்.

இனி சுலபம். சிவப்புப் பெட்டியின் மூலையில் ஒரு பல்சக்கரப் படம் இருக்கும், அதை அழுத்து. நான்கு கட்டம் வரும். முதல் கட்டத்தில் இருக்கும் பழைய பெயரை அழித்துவிட்டு முதலாளியை உட்கார வை. சேமி. மற்ற மூன்று கட்டத்தையும் தொடாதே. முக்கியமாக நாலாவது. கெஞ்சிக் கேட்கிறேன், நாலாவதைத் தொடாதே.

வாலு

*

பிப்ரவரி 11

வாலுக்கு,

செய்தேன். வட்டம் இரண்டே சுற்று சுற்றியது. தையல்காரர் கைதட்டத் தயாராக நின்றார். வந்தது அதே சிவப்புப் பெட்டிதான். ஆனால் பொடி எழுத்து மாறிவிட்டது. இப்போது நானே முதலில் அதைத்தான் படிக்கிறேன். "உள்நுழைவு மறுக்கப்பட்டது, பாஸ்வேர்டு தவறு" என்கிறது.

நாலாவது கட்டத்தைத் தொடாதே என்று எழுதியிருந்தாய். நல்ல யோசனை. ஆனால் பத்து நாள் தாமதமாக வந்த யோசனை. முதல் தேதியே அந்தப் பல்சக்கரத்தை அழுத்திப் பார்த்துவிட்டேன். நாலாவது கட்டம் முழுக்க நட்சத்திரமாக இருந்தது. யாரோ விளையாட்டுக்கு அடித்து வைத்திருக்கிறார்கள் என்று அழித்துவிட்டு நம் கடைப் பெயரை அடித்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

முன்னூற்று ஐம்பது பை திறந்தாயிற்று. இருபத்திரண்டு உடை தேறியிருக்கிறது. ராஜா அங்கி இன்னும் கிடைக்கவில்லை. பதின்மூன்று நாள்தான் இருக்கிறது. அந்தப் பாஸ்வேர்டை அனுப்பு.

அக்கா

*

பிப்ரவரி 13

அன்புள்ள அக்கா,

பொடி எழுத்து மாறியது நல்ல செய்தி. முன்மேசை கூப்பிட்டது உள்ளறைக்குக் கேட்டுவிட்டது. இனி யார் என்று சரியாகச் சொன்னால் கதவு திறந்துவிடும்.

பாஸ்வேர்டைப் பொறுத்தவரை, அதைக் காகிதத்தில் எழுதக்கூடாது என்பது எங்கள் தொழிலில் கண்டிப்பான விதி. கடிதம் கை மாறும். தபாலில் தொலையும். ஆகவே நானே வந்து என் கையால் அடித்துவிடுகிறேனே? சனிக்கிழமை வந்து, அடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுகிறேன். இந்தப் படியை மிதிக்காதே என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. படியைத் தாண்டிக் குதித்து வருகிறேன்.

வேறு வழி உண்டா என்று நானும் மண்டையை உடைத்துக்கொண்டேன். புதுசு வைக்கலாம் என்றால் அதற்கும் பழையதைத்தான் கேட்கும்.

வாலு

*

பிப்ரவரி 14

வாலுக்கு,

யார் காதில் பூச் சுற்றுகிறாய்? பல்துலக்கியைச் சொன்னாய், சிடுமூஞ்சியைச் சொன்னாய், இதை மட்டும் சொல்ல விதி தடுக்கிறதா? அப்படியானால் அந்தப் பாஸ்வேர்டு இன்னும் மோசமான ஒரு பட்டப்பெயர். என்னைப் பற்றித்தான். அதைப் பார்த்து நான் என்ன ஆவேன் என்றுதான் நீ ஓடி வரத் துடிக்கிறாய். வர வேண்டாம்.

இன்று காலையில் அவள் மறுபடி வந்தாள். பைகள் தரையெல்லாம் கிடப்பதைப் பார்த்துவிட்டாள். "ஏதாவது சிக்கலாங்க? எங்க டீச்சருங்க பத்துப் பேரை அனுப்பட்டுமா, ஒண்ணா தேடலாம்" என்றாள். "எங்க கடைய நாங்களே பாத்துப்போங்க" என்றேன். அப்படியும் முகம் சுளிக்கவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு, விழுந்து கிடந்த ஒரு மேகத்தை எடுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள். முப்பது வருஷமாக என் கண்ணெதிரே இப்படி நல்லவள் மாதிரியே நடமாடுகிறாள். அவளிடம் கைநீட்டி உதவி வாங்குவதைவிட நான் தையல்காரரின் நண்டைப் போட்டுக்கொண்டு மேடையேறுவேன்.

பத்து நாள். என்னை எப்படித் திட்டியிருந்தாலும் பரவாயில்லை. எழுதி அனுப்பு.

அக்கா

*

பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

திட்டு இல்லை. திட்டாக இருந்தால் எப்போதோ எழுதியிருப்பேன்.

பாஸ்வேர்டு இது: மீசையை எடுத்தது நான்தான்.

ஆங்கில எழுத்தில், இடம் விடாமல் அடிக்க வேண்டும். சீட்டு இணைத்திருக்கிறேன்.

எனக்கு ஆறு வயது, ஞாபகம் இருக்காது என்று எழுதினாய். ஞாபகம் இருக்கிறது அக்கா. உனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினாள். நீ கண்ணை மூடிக்கொண்டு வசனம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாய். கண்ணாடி மேஜை மேல் ஒரு காகிதத்தில் அந்த மீசை இருந்தது. அவ்வளவு அழகான ஒரு பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒட்டிக்கொண்டேன். மைதானத்தை ஒரு சுற்று, ராஜா நடை நடந்து வந்தேன். திருப்பி வைத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வழியில் குழாயடியில் குனிந்து தண்ணீர் குடித்தேன். மீசை தண்ணீரோடு ஓடிச் சாக்கடைத் துவாரத்துக்குள் போய்விட்டது.

அப்புறம் அம்மா மடியில் உட்கார்ந்து நாடகம் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து நீ குளியலறையில் அழுதாய். வெளியே வந்து, அவள்தான் திருடினாள் என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளை முப்பது வருஷமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். அவள் கடைப் பக்கம் வரும்போதெல்லாம் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். நான் உள்ளறைக்குப் போய்விடுவேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் புரோகிராமை எழுதி முடித்த அன்று பாஸ்வேர்டு கேட்டது. விரல் தானாக அடித்தது. யோசித்துப் பார், தினமும் காலையில் நீ கடையைத் திறந்து புரோகிராமை அழுத்தும்போது, அந்த வாக்கியம் உள்ளே போய், நான்தான் எடுத்தேன் என்று சொன்ன பிறகுதான் உனக்குக் கதவு திறந்திருக்கிறது. என் வாயால் சொல்ல முடியாததை ஒரு மெஷினைவிட்டு ஆயிரம் தடவை சொல்லவைத்திருக்கிறேன்.

மன்னித்துவிடு. மன்னிக்காவிட்டாலும் உடைகளை எடுத்துக்கொள். ராஜா அங்கி மூன்றாவது வரிசையில்தான் எங்கோ இருக்கும்.

வாலு

*

பிப்ரவரி 19

என் வாலுக்கு,

சீட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். ஒவ்வொரு விசையையும் ஓங்கிக் குத்தினேன். கோபத்தில்தான். வட்டம் ஒரு சுற்று சுற்றியது, திறந்துவிட்டது. நாலாயிரத்து இருநூறும் வரிசையாக வந்து நின்றன. ராஜா அங்கி, கொக்கி எண் ஆயிரத்துப் பதினெட்டு. நான் தினமும் குடை மாட்டுகிற இடத்துக்கு நேர் மேலே.

நான் எழுந்திருக்கவில்லை. ஆறு வயசுக் குட்டிப் பெண், இந்தப் பெரிய மீசையோடு, மைதானத்தில் ராஜா நடை நடக்கிறாள். அதை நினைத்தேன். கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன், முடியவில்லை. குபுக்கென்று சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வர, வயிறு வலிக்கச் சிரித்தேன். தையல்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணீரைப் பார்த்ததும் குழாயடி ஞாபகம் வந்து இன்னும் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும்தான் அவள் ஞாபகம் வந்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை.

அறுபத்து நான்கு உடையையும் ஒரே பகலில் எடுத்துவிட்டோம். மறுநாள் நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அவளுடைய அறையில் நின்றுகொண்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ங்க" என்று ஆரம்பித்தேன். மீசைக் கதை முழுவதையும் சொன்னேன். நீ எழுதியதை, நான் முப்பது வருஷம் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டேன் என்பதை, எல்லாவற்றையும். மன்னிச்சுடுங்க என்றேன். அப்படி ஒரு வார்த்தையை நான் யாரிடமும் சொல்லி நீ பார்த்திருக்க மாட்டாய்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எனக்குத் தெரியும்டி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு நான் ஜன்னல் வழியா பாத்தேன். உன் தங்கச்சி மீசையோட மைதானத்துல போயிட்டிருந்தா. நெஞ்ச நிமித்திக்கிட்டு, கைய வீசிக்கிட்டு. அவ்வளவு சந்தோஷமா ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல. எப்படிடி காட்டிக்குடுக்கறது? உன்கிட்ட சொன்னா அவளுக்கு அடி விழும். திருப்பிக் கொண்டுவந்து வெச்சுடுவான்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"முப்பது வருஷமா ஏன் சொல்லல?"

"நீ எங்கே என்கூட பேசின?" என்றாள்.

முப்பது வருஷமாக வாங்க, போங்க. ஒரே நொடியில் அவள் வாயில் அந்த 'டி' வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் அவள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகள் மாதிரி அழுதோம், சிரித்தோம். ராஜாவாக நடிக்கிற சின்னப் பெண்ணுக்கு நானே மீசை வைத்துப் பார்த்தேன். கூடுதலாக இரண்டு மீசை பெட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். குழாயடிப் பக்கம் போகாதே என்று சொல்லியிருக்கிறேன்.

உன்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீ சொல்லாமல் போனதற்கு நான் கோபப்பட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அது இல்லை. நீ இல்லாத கடை எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். அந்த வேலை உனக்கு நன்றாகவே பொருந்தியிருக்கிறது. என்னையே பொடி எழுத்துப் படிக்க வைத்துவிட்டாயே.

இருபத்து நாலாம் தேதி நாடகம். முதல் வரிசையில் மூன்று நாற்காலி பிடித்து வைத்திருக்கிறாள். இந்த ஓரத்தில் அவள், அந்த ஓரத்தில் நான், நடுவில் ஒன்று காலி. அவள் உன்னைப் பார்த்தே ஆக வேண்டுமாம். மீசை இல்லாமல் அடையாளம் தெரியுமா என்று கவலைப்படுகிறாள்.

நிற்க. நம் புரோகிராம் மறுபடி திறக்கவில்லை. வேண்டிய பட்டியலையெல்லாம் அச்சடித்து எடுத்துக்கொண்ட பிறகு, இன்று காலையில் உள்ளறைக்குப் போய்க் கம்ப்யூட்டருக்குப் பழைய பெயரையே திரும்ப வைத்துவிட்டேன். முதலாளி என்று கூப்பிட்டால் அதற்கே கூச்சமாக இருந்ததோ என்னவோ, சிடுமூஞ்சி என்றதும் ஒழுங்காக உறுமியது. முன்மேசையில் முதல் கட்டத்தை மட்டும் மாற்றினால் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். மாற்றவில்லை. இந்தத் தடவை நான்தான் தொட்டேன், தெரிந்தே தொட்டேன்.

சிவப்புப் பெட்டி வந்து நிற்கிறது. தங்கையைக் கூப்பிடவும் என்கிறது.

கூப்பிடுகிறேன். படியை நன்றாக மிதித்தே வா.

அக்கா